கூம்பிய மரமும் நேரான பலகையும்

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் நமக்குப் பால் தந்த ரப்பர் மரம், பால் வற்றிய பின் மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்படுகிறது. அதன் பிறகு அம்மரம் என்னவாகிறது? முன்னாளில் இவ்வினாவிற்கு எளிய விடை இருந்தது. புகைக்கூடத்து அடுப்பிற்கும் செங்கற் சூளைக்கும் அது விறகாயிற்று. எஞ்சியது நிலத்திலேயே மட்கியது. இன்று நிலைமை வேறு. ரப்பர் மரத்தை மருந்தூட்டிப் பதப்படுத்தி, உலர் அறையில் உலர்த்திப் பயன்படுத்தும் முறை 1970, 1980-களில் வளர்ச்சி பெற்றது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இம்முயற்சியில் முன்னின்றது. இன்று மலேசியாவில் செய்யப்பெறும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. மூவார் நகரம் இத்தொழிலால் பெயர் பெற்றுள்ளது.

எனவே, வெட்டுண்டு கிடக்கும் பால்மரம் இன்று விலைப்பொருள். ஆயினும் ஒரு கட்டையில் எவ்வளவு பலகையாகும், எவ்வளவு விறகாகவும் தூளாகவும் கழியும் என்பது, வாள் அதனைத் தொடுவதற்கு முன்னரே பெருமளவு முடிவாகிவிடுகிறது. கட்டையை அறுவை மேடையில் எப்படிக் கிடத்துகிறோம் என்பதே அந்த முடிவு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில், நம் அண்டையில் உள்ள சிங்கப்பூரின் அனுபவத்தைச் சற்றே காண்போம்.

சிங்கப்பூரும் மரத் தொழிலும்

ரப்பருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு பழமையானது. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை அங்கேதான் ஆராய்ந்து உருவாக்கினார். நாம் நாள்தோறும் உளி பிடிக்கும் முறைக்கு அடிப்படை அதுவே.

மரம் அறுக்கும் தொழிலும் அந்நகரில் நெடுங்காலம் செழித்தது. காலாங் ஆற்றுப் படுகையில் அறுவை ஆலைகளும் படகுப் பட்டறைகளும் கரிக் கிடங்குகளும் நிறைந்திருந்தன. 1977 முதல் 1987 வரை நடைபெற்ற ஆற்றுத் தூய்மைப் பணியின்போது அத்தகைய தொழில்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. நகரின் வடபால் அமைந்த சுங்கை காடுட் தொழிற்பேட்டை மரத் தொழிலின் நிலைக்களமாயிற்று. 1985-ஆம் ஆண்டு வாக்கில் இந்தோனேசியாவும் தீபகற்ப மலேசியாவும் உருட்டு மரங்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. அதன்பின் சிங்கப்பூர் ஆலைகளுக்குக் காட்டு மரம் கிடைப்பது அரிதாகி, தொழிலும் சுருங்கிற்று.

தீபாவளிக் காலத்தில் துணிமணி வாங்கத் தேக்காவிற்கும் சிராங்கூன் சாலைக்கும் செல்லும் நம்மவர், ஒரு நிமிடம் நின்று அங்குள்ள பழைய கடைவீடுகளை அண்ணாந்து பார்த்தல் நலம். லிட்டில் இந்தியா வட்டாரம் 1989-ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அக்கடைவீடுகளின் மேல்மாடித் தளத்தைத் தாங்குபவை, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை குறுக்கே கிடக்கும் மர உத்தரங்கள். உத்தரம் எவ்வளவு நீளமோ, கடையும் ஏறத்தாழ அவ்வளவே அகலம். ஆள் நடமாட்டத்தையும் சரக்கு மூட்டைகளின் பாரத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்க வேண்டிய மரத்திற்கு, கடினத்தோடு நேரான இழையோட்டமும் வேண்டும். அடர்ந்த காட்டில் நெடிதுயர்ந்து வளர்ந்த மரங்கள் அதற்கு ஏற்றவையாக இருந்தன.

இன்று அந்நகரில் அறுபடும் உள்ளூர் மரங்கள் வேறு வகையானவை. சாலை விரிவாக்கத்திற்காகவும் வீடமைப்பிற்காகவும் வெட்டப்படும் தூங்குமூஞ்சி மரம், அங்சானா, ஆப்பிரிக்க மகோகனி முதலியவற்றைச் சிலர் வீணாக்காது பலகையாக்கி வருகின்றனர். சிங்கப்பூர்த் தச்சு நிறுவனமொன்று 2019-இல் இதற்கெனவே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. இம்மரங்களை அறுப்போர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல், நம் பால்மரத்தை அறுப்போருக்கும் உள்ளதே. அதுதான் கூம்பல்.

மரம் ஏன் கூம்புகிறது?

அடி பருத்து, நுனி சிறுத்துச் செல்லும் தன்மையையே கூம்பல் என்கிறோம். எல்லா மரங்களுக்கும் இது உண்டு. ஆயினும் அளவு வேறுபடும். காட்டில் மரங்கள் நெருங்கி நின்று, ஒளியை நாடி உயரே போட்டியிடுகின்றன. கீழ்க்கிளைகள் நிழலில் பட்டுதிர்கின்றன. காற்றின் தாக்குதலும் குறைவு. ஆகவே அடிமரம் தூண்போல் ஒரே பருமனாக நீள்கிறது. சாலையோரத்தில் தனித்து நிற்கும் மரமோ, தாழ்விலேயே கிளை விரித்து, காற்றின் அலைப்பைத் தாங்க அடியைப் பெருக்கிக்கொள்கிறது. அதனால் அதன் கூம்பல் மிகுதி.

பால்மரத்தின் கூம்பலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. விதைக் கன்றிலிருந்து வளர்ந்த மரம் அடி பருத்துக் கூம்பியிருக்கும். ஒட்டுக் கன்றிலிருந்து வளர்ந்த மரம் ஏறத்தாழ உருளைபோல் இருக்கும். புதுமரத்தைப் பால்வெட்டுக்குத் திறக்கும்போது, விதை மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலும், ஒட்டு மரத்தின் சுற்றளவை அதனினும் மிக உயரத்திலும் அளப்பது இவ்வேறுபாட்டினால்தான். பால்வெட்டுக்காக நாம் அறிந்து வைத்திருக்கும் இவ்வுண்மை, மரத்தை அறுக்கும்போதும் பயன் தருகிறது.

இடம்பெயரும் அறுவை இயந்திரம்

முன்பெல்லாம் மரத்தை ஆலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இன்று ஆலையே மரம் கிடக்கும் இடத்திற்கு வருகிறது. லாரியின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க சிறு அறுவை இயந்திரங்கள் பல நாடுகளில் புழங்குகின்றன. அமெரிக்காவின் உட்மைசர் நிறுவனம் 1982-இல் இத்தகைய இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது.

அதன் அமைப்பு எளியது. நீண்ட இரும்பு மேடையொன்றில் குறுக்குச் சட்டங்கள் உள்ளன. அவற்றின்மேல் கட்டை அசையாது கிடக்கும். மெல்லிய நாடா வாள் பொருத்திய தலைப்பகுதி, தண்டவாளத்தின்மீது செல்வதுபோல் மேடையின் நீளத்திற்கும் ஓடி, கட்டையைப் படுக்கைவசமாக அறுக்கும். வாள் எப்போதும் மேடைக்கு இணையாகவே செல்லும். அது கட்டையின் வடிவத்தை அறியாது. கட்டை கோணலாகக் கிடந்தால் பலகையும் கோணலாகவே வரும்.

கூம்பிய கட்டையை மேடைமீது அப்படியே கிடத்தினால், அதன் அடிப்புறப் பட்டை மேடையோடு ஒட்டிக் கிடக்கும். மேற்புறமோ பருத்த முனையில் உயர்ந்து, சிறுத்த முனையை நோக்கிச் சரிந்து செல்லும். மரத்தின் நட்டநடுவில் விரற்கடை அளவுகூட இல்லாத மென்மையான பகுதி ஒன்று உண்டு. அதுவே நெட்டி. அந்நெட்டியும் மேடைக்கு இணையாக இராது சரிந்தே கிடக்கும். இச்சரிவை நீக்குவதே கட்டையைச் சமப்படுத்துதல் என்பதாகும்.

சமப்படுத்தும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கட்டையின் நீளம் 180 சென்டிமீட்டர். பருத்த முனையின் குறுக்களவு 36 சென்டிமீட்டர். சிறுத்த முனையின் குறுக்களவு 28 சென்டிமீட்டர். நெட்டி நடுவில் உள்ளதெனின், மேடையிலிருந்து அதன் உயரம் பருத்த முனையில் 18, சிறுத்த முனையில் 14. வேறுபாடு 4 சென்டிமீட்டர். சிறுத்த முனையை 4 சென்டிமீட்டர் உயர்த்தினால் நெட்டி இரு முனைகளிலும் ஒரே உயரத்திற்கு வரும். இரு குறுக்களவுகளின் வேறுபாட்டில் பாதி என்பதே இதற்குரிய கணக்கு.

செய்முறை பின்வருமாறு:

1. கட்டையின் இரு முனைகளையும் புதிதாக வெட்டித் துப்புரவு செய்க. நெட்டியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொள்க. வேர்ப்பக்கப் புடைப்பு இருப்பின் அதனைச் செதுக்கி விடுக.

2. மேடைச் சட்டத்திலிருந்து நெட்டி வரை இரு முனைகளிலும் அளவெடுக்க. நெட்டி நடுவிலிருந்து விலகியிருந்தால் குறுக்களவைப் பாதியாக்கும் கணக்கு உதவாது. நெட்டியின் உயரத்தையே நேரில் அளத்தல் வேண்டும்.

3. வேறுபாட்டின் அளவுக்குச் சிறுத்த முனையை ஜாக்கியாலோ ஆப்பாலோ உயர்த்துக. மீண்டும் அளந்து, இரு முனைகளும் ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே பிடிக் கொக்கியை இறுக்குக.

4. முதல் முகத்தை அறுக்க. கழியும் மேற்பலகை ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் இருக்கும். அது இயல்பே.

5. அறுத்த முகம் கீழே வருமாறு கட்டையைப் புரட்டுக. இப்போது ஆப்பை எடுத்துவிட வேண்டும். கீழ்முகம் நெட்டிக்கு இணையான தட்டையாகிவிட்டதால், இனி அப்பக்கத்திற்கு உயர்த்தல் தேவையில்லை. எதிர்முகத்தை அறுக்க.

6. கட்டையைக் கால்வட்டம் புரட்டுக. இப்போது மீண்டும் பட்டையே கீழே இருக்கும். ஆகவே முன்போல் அளந்து, உயர்த்தி, மூன்றாம் முகத்தை அறுக்க. நான்காம் முகத்திற்கு மீண்டும் ஆப்பு வேண்டா.

கீழே பட்டை இருந்தால் உயர்த்துக. கீழே தட்டை முகம் இருந்தால் உயர்த்த வேண்டா. இவ்வொரு விதியை நினைவிற் கொண்டால் போதும்.

இங்கு ரசமட்டத்தை நம்புதல் கூடாது என்பதையும் குறிப்பிட வேண்டும். தோட்டத்து நிலத்தில் நிறுத்திய மேடையே சற்றுச் சாய்ந்திருக்கக் கூடும். கட்டை பூமிக்குச் சமமாக இருப்பது பயன் தராது. வாள் செல்லும் வழிக்கு, அதாவது மேடைக்கு, இணையாக இருப்பதே வேண்டும்.

இம்முறை முற்றிலும் புதியதன்று. ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று இழுவாளால் மரம் அறுத்த காலத்தில், கட்டையின் இரு முனைகளிலும் நடுப்புள்ளி கண்டு, தூக்குக் குண்டு பிடித்து, கரி தோய்த்த நூலைத் தட்டிக் கோடிட்ட பின்னரே வாள் வைத்தனர். நடுவிலிருந்து அளவு தொடங்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்த நெறியே.

சமப்படுத்தாவிடில் நேர்வது

மேற்சொன்ன கட்டையைச் சமப்படுத்தாமல் அறுத்தால், நெட்டி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குள் 4 சென்டிமீட்டர் இடம் மாறுகிறது. பலகையின் கனம் 2.5 சென்டிமீட்டர் எனில், நெட்டி குறைந்தது இரண்டு பலகைகளையாவது குறுக்கே கடந்து செல்லும். நெட்டியை அடுத்த மரம் உலரும்போது பிளக்கும், முறுக்கிக் கொள்ளும். ஆக, ஒரு பலகையோடு முடிய வேண்டிய குறை இரண்டு, மூன்று பலகைகளைக் கெடுக்கிறது. சமப்படுத்திய கட்டையிலோ, வெட்டுக் கணக்கைச் சரியாக அமைத்தால், நெட்டி ஒரே பலகைக்குள் அடங்கும். அதனை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, இழையோட்டம். பட்டைக்கு அருகிலுள்ள இழைகள் பட்டையின் போக்கிலேயே செல்பவை. சமப்படுத்தாத கட்டையில் மேற்புறப் பலகையின் இழை 180 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் சரிகிறது. சமப்படுத்தினால் அச்சரிவு 4 சென்டிமீட்டராகப் பாதி குறைந்து, மேலும் கீழும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இழைச் சரிவு 10-க்கு 1 ஆகும்போது மரத்தின் வளைவு தாங்கும் வலிமை ஏறத்தாழ 81 விழுக்காடாகவும், 5-க்கு 1 ஆகும்போது 55 விழுக்காடாகவும் குறைவதாக அமெரிக்க வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் கையேடு காட்டுகிறது. நம் எடுத்துக்காட்டின் சரிவு அவ்வளவு பெரிதன்று. ஆனால் மரத்தின் இயற்கையான வளைவும் முறுக்கும் அதனோடு சேரும்போது இழப்பு கூடுகிறது. இழை சரிந்த மரத்தில் இழைப்புளி ஓட்டினால் சிராய் எழும். நாற்காலிக் கால் சரிந்த இழையின் வழியே முறியும்.

முழுதும் உயர்த்துவது எப்போது?

எல்லாக் கட்டைகளுக்கும் நெட்டியைச் சமப்படுத்துவதே ஏற்றது எனக் கொள்ள வேண்டா. சில கட்டைகளில் வெளிப்புற மரம் கணுவின்றி மிக நன்றாகவும், உட்புறம் உளுத்தோ வெடித்தோ இருக்கும். முதிர்ந்த சாலையோர மரங்களில் இதனைக் காணலாம். அத்தகைய கட்டையில் நல்ல முகத்தை மேலே வைத்து, குறுக்களவு வேறுபாட்டின் முழு அளவுக்கும், நம் எடுத்துக்காட்டில் 8 சென்டிமீட்டர், சிறுத்த முனையை உயர்த்துவர். அப்போது மேற்புறப் பட்டை வாளுக்கு இணையாகிறது. சிறந்த பலகைகள் முழு நீளத்திற்கும் நேர் இழையோடு கிடைக்கின்றன. கூம்பலால் வரும் கழிவு, பயனற்ற உட்புறத்திலிருந்து ஆப்பு வடிவில் போகிறது.

சுருங்கக் கூறின், நடுமரத்தைச் சதுரமாக்கிப் பயன்கொள்ளப் பாதி உயர்த்துக. வெளிமரமே விலையுடையதாயின் முழுதும் உயர்த்துக. கட்டையைப் பார்த்து முடிவு செய்வதே அறுவையாளரின் திறன்.

நீளத்தைக் குறைப்பதன் பயன்

கூம்பலை வெல்ல மற்றோர் எளிய வழி, கட்டையைக் குட்டையாக வெட்டுவது. 360 சென்டிமீட்டர் நீளமும், பருத்த முனையில் 44, சிறுத்த முனையில் 28 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள கட்டையொன்றை அப்படியே அறுத்தால், சிறுத்த முனைதான் அளவை நிர்ணயிக்கும். அதிலிருந்து முழுச் சதுரமாக 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சட்டமே கிடைக்கும். நடுவில் வெட்டி இரண்டாக்கினால், அடித்துண்டின் சிறுத்த முனை 36 சென்டிமீட்டர். அதிலிருந்து 25 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட சதுரம் கிடைக்கும். அப்பாதிக்கு மட்டும் ஏறத்தாழ 65 விழுக்காடு கூடுதல் மரம் அது. உத்தரத்திற்கு நீளம் தேவை. நாற்காலிக்கும் மேசைக்கும் அவ்வளவு நீளம் தேவையில்லை. ரப்பர் மரக் கட்டைகளைப் பெரும்பாலும் 1.8 மீட்டர், அதாவது ஆறடி நீளத்தில் துண்டிப்பது இதனால்தான்.

பால்மரத்திற்குரிய கவனங்கள்

ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூசணம் படரும். துளைக்கும் வண்டும் ஏறும். ஆகவே காலந்தாழ்த்தாது அறுத்து, போரான் உப்புக் கரைசல் ஏற்றி, உலர் அறையில் உலர்த்துதல் இன்றியமையாதது. பதப்படுத்தாத ரப்பர்ப் பலகையை வீட்டு உத்தரத்திற்கோ வெளிப்புற வேலைக்கோ பயன்படுத்துதல் தகாது.

பால் வெட்டிய பகுதியில் முன்பு உளி ஆழப் பாய்ந்திருந்தால், பட்டையின்கீழ் முண்டும் முடிச்சுமாக மரம் வளர்ந்திருக்கும். அங்குப் பலகை கெடும். காயமின்றிச் சீவிய மரம் பாலும் மிகத் தரும். பிற்காலத்தில் பலகையும் நன்கு தரும். நல்ல பால்வெட்டுத் தொழிலாளரின் கைத்திறன் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் மரத்தில் பதிந்திருக்கிறது என்பது பெருமைக்குரியது.

பால் வடியும் தகட்டு மூக்கு, மங்கைத் தாங்கும் கம்பி, ஆணி ஆகியவை பட்டைக்குள் புதைந்து கிடப்பதுண்டு. அவற்றை அறுவைக்கு முன் தேடி எடுக்காவிடில் வாள் அறுந்து தெறிக்கும். சாலையோர மரங்களை அறுப்போருக்கும் இதே அச்சம் உண்டு. மேலும், உயர்த்திய கட்டை உருளக்கூடியது. பக்கத் தாங்கியும் பிடிக் கொக்கியும் இறுகும் வரை ஒருவரும் கட்டையின் சரிவுப் பக்கத்தில் நிற்றலாகாது. ஆப்பு வைக்கும்போது கட்டைக்கும் மேடைக்கும் இடையே கையை நுழைத்தல் கூடாது. வாள் ஓடும்போது அளவெடுத்தலும் கூடாது.

அறிந்தவர்க்கே பயன்

ரப்பர் பயிரிட்ட நிலங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எஞ்சிய தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் ஆண்டுதோறும் முதிர்ந்த மரங்கள் வெட்டப்படுகின்றன. சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்போர், மறுநடவுக்கு முன் நிற்கும் மரங்களைக் குத்துமதிப்பாக விலை பேசி விட்டுவிடுவதைக் காண்கிறோம். எத்தனை மரம், விதை மரமா ஒட்டு மரமா, அடிமரத்தின் பருமன் என்ன, எத்தனை ஆறடித் துண்டு தேறும் என்று கணக்கிட்டுப் பார்த்த பின் பேசினால், வாங்குவோரிடம் தக்க விலை கேட்க இயலும். அறுவை ஆலைகளிலும் தளவாடத் தொழிற்கூடங்களிலும் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள், புரட்டித் தள்ளும் கூலியாளாக மட்டும் நின்றுவிடாமல் அளவு பார்க்கும் அறுவையாளராக உயர்வதற்கும் இவ்வறிவு படிக்கல்லாகும்.

இதற்கு வேண்டிய கருவிகள் ஓர் அளவு நாடா, ஒரு சுண்ணக்கட்டி, இரண்டு ஆப்புகள். ஒரு கட்டைக்கு இரண்டு முறை அளக்கச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களை வாள் ஓடத் தொடங்குமுன் செலவிடுதல் வேண்டும். அறுத்துவிட்ட பலகையின் கோணலைப் பின்னர் எந்த இழைப்புளியாலும் முழுதும் நிமிர்த்த இயலாது.